படித்துறையில் யாரும் நிற்கவில்லை

இதை முதலில் போலீஸிடம் சொன்னேன். அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. இதில் நான் கூட்டிச் சொன்னது எதுவும் கிடையாது. சிலதைக் குறைத்துத்தான் சொல்கிறேன். ஏனென்றால் என் மனைவியும் இதைப் படிப்பாள்.

நான் படம் வரைகிறவன். வயல், மரம், கால்வாய், பாலம். முக்கியமாகத் தண்ணீர். பல் டாக்டர் அறையில் காத்திருக்கும்போது சுவரில் ஓர் ஆற்றுப் படம் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரிப் படங்கள். ஆள் முகம் எனக்கு வராது. சுத்தமாக வராது. ஒருமுறை என் மனைவியை உட்காரவைத்து வரைந்தேன். அவளுடைய தம்பி பார்த்துவிட்டு, "உங்க அப்பாவ நல்லா வரைஞ்சிருக்கீங்க மாமா" என்றான். அதோடு முகம் வரைவதை விட்டேன்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் அவன் பெயர் கொக்கு. உடம்பில் பாதி கால்தான். தூண்டிலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான் என்றால் கொக்கேதான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் கடையில் வேலை. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தது என் மனைவி. அவளுக்கு அப்போது பதினொரு வயது. அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் காய்ச்சல் வந்து அனத்தும்போது அம்மா என்பான்.

போன வருடம் எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் என் படங்களை வைத்திருந்தேன். கூட்டம் ஒன்றும் இல்லை. மூன்றாவது நாள் ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். படிய வாரிய தலை, தடிமனான கண்ணாடி. ஒரே படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"தண்ணியில மட்டும் செவப்பா ஒரு கோடு இருக்கே. கரையில அப்படி எதுவும் இல்லையே?"

"அது மேல கொடியில காயற துணிங்க. படத்துக்கு வெளிய இருக்கு. தண்ணியில மட்டும் விழுந்துச்சு."

"யோசிச்சுப் போட்டீங்களா?"

"இல்லீங்க. கண்ணுல பட்டுச்சு, கை போட்டுருச்சு."

தொலைந்த பொருள் கிடைத்தவர் மாதிரி அவர் சிரித்தார். தன் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கால்வாய் ஓடுகிறது, மாடி அறை சும்மா கிடக்கிறது, வந்து தங்கி வரையுங்கள் என்றார். வாடகை வேண்டாம், ஒரே ஒரு படம் தந்தால் போதும் என்றார்.

கொக்கு லீவு போட்டான். கடையின் பழைய வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். என் பெட்டி, பலகை, ஸ்டாண்டு, அவனுடைய தூண்டில். புறப்படும்போது என் மனைவி வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவனிடம், "உங்க மாமாவுக்கு வரைய உக்காந்தா இடியே விழுந்தாலும் தெரியாது. நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

அந்த இடம் உண்மையிலேயே அழகு. வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஒரு கல் பாவிய பாதை. பாதை முடிகிற இடத்தில் கருங்கல் படித்துறை. எதிர்க்கரையில் நாணல், அதற்குப் பின்னால் வரிசையாக உயரமான மரங்கள். வலது பக்கம் ஓர் இரும்பு நடைபாலம். இடது பக்கம் மதகு. அந்த மதகைத் திறந்து மூடுவதுதான் வீட்டுக்காரரின் வேலை. நெட்டையான மனிதர். வாயைத் திறந்து பேச மாட்டார். பக்கத்தில் வந்தால் துரு வாசனை அடிக்கும்.

கரையில் எனக்காக ஒரு நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. "இங்க உக்காருங்க. இங்க இருந்து பார்த்தாத்தான் படித்துறை முழுசாத் தெரியும்" என்றார் வீட்டுக்காரம்மா. அவர் சொன்னது சரிதான். நானே தேடியிருந்தாலும் அந்த இடத்தைத்தான் பிடித்திருப்பேன்.

நான் எப்படி வரைவேன் என்று சொல்லிவிடுகிறேன். இது மரம், இது படி என்று நினைத்தால் கை பொய் சொல்லும். அதனால் எதற்கும் பெயர் வைக்கக் கூடாது. இங்கே ஒரு கறுப்பு, அங்கே ஒரு சாம்பல், நடுவில் ஒரு வெளிச்சம் என்று திட்டுத் திட்டாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்ததை அப்படியே வைக்க வேண்டும். என்ன வரைந்தோம் என்பது எழுந்து நாலடி பின்னால் போய்ப் பார்த்தால்தான் நமக்கே தெரியும்.

முதல் நாள் சாயங்காலம் அப்படித்தான் வரைந்தேன். வெளிச்சம் போனதும் பலகையோடு மாடிக்கு எடுத்து வந்தேன். சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

கொக்கு வெறும் கையோடு வந்தான். "மீனெல்லாம் லீவுல போயிருக்கு மாமா. ஒண்ணுகூட இல்ல. ஒரு தவளைகூடக் கத்தல." வாசற்படியில் நின்றபடியே படத்தைப் பார்த்தான். "யாரு இது?"

"எது?"

"தண்ணிக்குள்ள. கவுன் போட்ட பிள்ள."

நான் அவன் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.

படித்துறைக்குக் கீழே, தண்ணீரில், தலைகீழாக ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். வெளிறிய சாம்பல் நிறக் கவுன். இரண்டு மெல்லிய கால்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மஞ்சள் கறை. அவ்வளவையும் நான்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு திட்டும் கையில் நினைவிருந்தது.

"படியில ஆளக் காணோமே. நிழல மட்டும் போட்டுட்டு ஆள மறந்துட்டீங்களா?" என்று சிரித்தான்.

"நாணல் விழுந்திருக்கும்."

"நாணல் அந்தக் கரையில இல்ல இருக்கு?"

அதற்குள் வீட்டுக்காரம்மா டீ கொண்டுவந்தார். படத்தைப் பார்த்தார். டம்ளர்களைத் தரையில் வைத்தார். யார் இது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"முகம் தெரியலையே" என்றார்.

பிறகு அவரே சொன்னார். "என் பொண்ணு. எட்டு வயசு. அந்தப் படியிலதான் விழுந்தா."

கொக்குதான் கேட்டான். "போட்டோ எதுவும் இல்லையாம்மா?"

"இருந்துச்சு. எல்லாத்தையும் எரிச்சாச்சு."

டீ ஆறிப்போகும், குடியுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கொக்கு என்னைப் பார்த்தான். "பெத்த பிள்ளையோட போட்டோவ யாராச்சும் எரிப்பாங்களா மாமா?"

மறுநாள் சாயங்காலம் வேண்டுமென்றே உட்கார்ந்தேன். பார்த்துவிடலாம் என்றுதான். வரைவதற்கு முன்னால் படித்துறையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கல்லில் ஒருவரும் இல்லை. தண்ணீரிலும் இல்லை. படியும் படியின் நிழலும்தான். நேற்று வெளிச்சம் ஏமாற்றியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தைரியம் வந்தது. பிரஷ்ஷை நனைத்தேன்.

வரையத் தொடங்கிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

சளக்...

ஈரக் கால் கல்லில் படுகிற சத்தம். நிமிர்ந்தேன். யாரும் இல்லை. பிரஷ்ஷைப் பேப்பரில் வைத்தேன்.

சளக்...

நான் வரையும்போது மட்டும் கேட்டது. கையை எடுத்தால் நின்றது. அதை இரண்டு மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன். பிறகு சோதிக்கப் பிடிக்கவில்லை. அவசர அவசரமாக முடித்து, பேப்பரைத் திரும்பிப் பார்க்காமல் மாடிக்குக் கொண்டுபோனேன். கொக்கை அறையின் மறுகோடியில் நிற்கச் சொன்னேன்.

"என்ன தெரியுது?"

அவன் சிரிக்கவில்லை.

"கீழ்ப்படிக்கு வந்துட்டா மாமா. ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறா." கொஞ்சம் நிறுத்தி, "தூக்கச் சொல்றாப்பல" என்றான்.

காலையில் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தோம். என்னைவிட அவனுக்குத்தான் அவசரம். ஆனால் விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மதியம்வரை விடவே இல்லை. வேனை எடுத்தபோது கால்வாய்க் கரைச் சேற்றில் பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின. தள்ளித் தள்ளி எங்கள் முட்டி கழன்றதுதான் மிச்சம். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். ராத்திரிக்குள் டிராக்டர் வரும், இழுத்துவிடலாம் என்றார். அவர் பேசி நான் கேட்ட முதல் நீளமான வாக்கியம் அது.

துணி மாற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா மேலே வந்தார். கதவோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவ. முகம் மட்டும். அப்புறம் நீங்க போயிடலாம்."

"எனக்கு முகம் வராதும்மா. கேட்டுப் பாருங்க இவன."

"உங்களுக்கு வர வேண்டாம். அவ வருவா. நீங்க கைய மட்டும் குடுங்க."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கொக்கு என் முழங்கையைத் தொட்டு அறைக்கு உள்ளே இழுத்துப் போனான்.

"பாவம் மாமா."

"பாவமா? நீதானடா நேத்து ராத்திரி முழுக்கப் போகலாம் போகலாம்னு உயிர எடுத்த?"

"ஆமா. ஆனா..." அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்க அம்மா முகம் எனக்கு ஞாபகமே இல்ல. அக்காகிட்ட கேட்டா, உன்ன மாதிரிதான் இருப்பாங்கன்னு சொல்லும். கண்ணாடியில பார்த்துக்குவேன். இந்தம்மாவுக்கு அதுகூட இல்லையே. டிராக்டர் வர்ற வரைக்கும் சும்மாத்தான இருக்கப் போறோம். வரைஞ்சு குடுத்துடுங்க."

சரி என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன். அவன் என் பக்கத்திலேயே உட்கார வேண்டும். படித்துறைப் பக்கமே போகக் கூடாது.

"உங்க மடியிலயே உக்காந்துக்கிறேன்" என்றான்.

அன்று சாயங்காலம் மழை விட்ட வானம் ஒரே மஞ்சளாக இருந்தது. தண்ணீர் துளியும் அசையவில்லை. ஏன் என்று பார்த்தேன். மதகை அடைத்திருந்தார் வீட்டுக்காரர். ஓட்டம் நின்றால்தான் பிம்பம் தெளிவாக விழும். அப்படி அடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். துரு வாசனை. வீட்டுக்காரம்மா எனக்கு இடது பக்கம். கொக்கு வலது பக்கம், தரையில், என் பெட்டியில் சாய்ந்துகொண்டு.

ஐந்தே முக்காலுக்குத் தொடங்கினேன்.

சளக்...

"கேட்டுச்சா மாமா?"

"ம்."

"தவளையா இருக்கும்."

"ம்."

முதல் நாளே தவளை இல்லை என்று சொன்னவன் அவன்தான். இரண்டு பேருமே அதை எடுத்துப் பேசவில்லை.

நாணல் முடிந்தது. மரங்கள் முடிந்தன. படிகளை வைத்தேன். பிறகு படிக்குக் கீழே உள்ள தண்ணீர். கறுப்பு. கொஞ்சம் பச்சை. நடுவில் ஒரு வெளிச்சம். கை வழுக்கிக்கொண்டு போனது. அப்படி ஒரு ஓட்டம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. எங்கே தொட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று யாரோ மணிக்கட்டைப் பிடித்து நகர்த்துகிற மாதிரி இருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றார் அந்த அம்மா, மெல்ல.

பிறகு அவருடைய குரல் இன்னொரு பக்கம் திரும்பியது. "தம்பி, கீழ்ப்படியில என் வாளி நிக்குது பாருங்க. தண்ணிக்குள்ள போயிடும்போல. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ கேட்குமே, அப்படிக் கேட்டது. வார்த்தைகள் காதில் விழுந்தன. மண்டைக்குள் போகவில்லை.

கொக்கு எழுந்தான். அவன் முட்டி சொடக்கு விட்ட சத்தமும் கேட்டது.

நெற்றி வந்தது.

மூக்கு வந்தது.

சின்னப் பெண்ணின் மூக்கு இல்லை. நீளமான மூக்கு. அது எனக்கு உறைக்கவில்லை. பெயர் வைக்காமல் பார்க்கிறவன் நான்.

புருவத்தை இழுத்தேன். நடுவில் பிரஷ் தாண்டிவிட்டது. ஒரு சின்ன இடைவெளி. பிரஷ் காய்ந்துவிட்டது போல என்று மறுபடி நனைத்து இழுத்தேன்.

அதே இடத்தில் தாண்டியது.

இடது புருவம்.

கொக்குக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு. சின்ன வயதில் கட்டிலில் இருந்து விழுந்தது. அந்த இடத்தில் முடி முளைக்காது.

நிமிர்ந்தேன்.

அவன் கீழ்ப்படியில் நின்றான். குனிந்து, வாளியின் கைப்பிடியைப் பிடித்திருந்தான். அவனுக்குக் கீழே தண்ணீரில் அவனுடைய பிம்பம்.

பிம்பம் குனியவில்லை.

அது நேராக நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொ..."

குரல் வரவில்லை.

வேறொரு குரல் வந்தது. குழந்தைக் குரல். தண்ணீருக்குள் இருந்து இல்லை. படியிலிருந்து, அவன் காலடியிலிருந்து, வெகு தெளிவாக.

"தூக்கு..."

கொக்கு வாளியைக் கீழே வைத்தான்.

கையை நீட்டினான்.

இரண்டு கையையும்.

ஆள் விழுகிற சத்தமே இல்லை. தண்ணீர் தெறிக்கவில்லை. பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கினால் வாய் திறந்து ஒரு சத்தம் வருமே.

க்ளக்...

அவ்வளவுதான்.

நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினேன். மூன்றடி போயிருப்பேன். இரண்டு கைகள் என்னைப் பின்னாலிருந்து சேர்த்துக் கட்டின. வீட்டுக்காரர். வாழ்நாள் முழுக்க மதகுச் சக்கரம் சுற்றிய கைகள்.

"விடுய்யா. அங்க முட்டிக்கால் தண்ணிதான்யா. விடுய்யா."

"பொறுங்க" என்றார் என் காதில். கோபமே இல்லை. சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரல். "கொஞ்சம் பொறுங்க. முகம் வரட்டும்."

நான் உதைத்தேன். கடித்தேன். அவர் கையில் இருந்து வந்த ரத்தம் என் வாயில் இருந்தது. அவர் பிடி தளரவில்லை.

முட்டிக்கால் தண்ணீர். முந்தின நாள் அதே இடத்தில் நின்று அவன் தூண்டில் போட்டிருந்தான். அதில் அவன் குதிகால் ஒன்று மேலே தெரிந்தது. அடித்துக்கொண்டது.

பிறகு மெல்ல அடித்துக்கொண்டது.

பிறகு...

நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். அவர் சொன்னால் இந்த மனிதர் என்னை விடுவார் என்று. அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. ஸ்டாண்டின் முன்னால் நின்று, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயாத வண்ணத்தில் கொக்கு இருந்தான். அச்சு அசல் அவன்தான். கண் திறந்திருந்தது.

அவர் கட்டைவிரலை நாக்கில் ஈரப்படுத்தினார். அந்த முகத்தின் மேல் வைத்துத் தேய்த்தார். நெற்றியிலிருந்து தாடைவரை, நிதானமாக.

"இது இல்ல" என்றார். அளவு தப்பான செருப்பை எடுத்து வந்த கடைக்காரனிடம் சொல்வார்களே, அந்தக் குரல்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் என்னை விட்டார்.

வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது என்று போலீஸ் முடித்தது. மழை பெய்த கல், பாசி, புது இடம். வீட்டுக்காரர் தன் கையில் இருந்த கடியைக் காட்டி, "இவரும் குதிக்கப் போனாருங்க. பிடிச்சு நிறுத்தினேன். இல்லன்னா ரெண்டு உயிர் போயிருக்கும்" என்றார். சுற்றி நின்றவர்கள் அவரை நல்ல மனிதர் என்றார்கள். அதிகாரி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பேனாவை மூடியது அப்போதுதான்.

டிராக்டர் சொன்னபடி வந்தது. வேனை இழுத்துவிட்டது. நான் முன்னால் உட்கார்ந்து வந்தேன். அவனைப் பின்னால் கிடத்தியிருந்தார்கள்.

என் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கடைசியில என்னக் கூப்பிட்டானா?"

"இல்ல."

"கூப்பிட்டிருப்பான். உங்களுக்குக் கேட்டிருக்காது."

நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டேன். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைந்தது. வாரத்தில் ஒரு நாள் அவள் தோழி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவாள். நல்லதுதான், வெளியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். முப்பது வயதுப் பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்றார். உட்காரச் சொன்னேன். உட்காராமலே பேசினார்.

"அந்தக் கால்வாய் வீட்டுல உங்க மச்சினன் இறந்தாருன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். நான் அந்த வீட்டுப் பொண்ணு."

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். "உங்களுக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தாளா? இல்ல, அக்காவா? எட்டு வயசுல..."

"நான் ஒரே பொண்ணு."

"அப்ப தண்ணியில போனது?"

"நான்தான்" என்றார். "ஆனா நான் போகல."

அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்.

"எட்டு வயசுல அந்தப் படியில வழுக்கி விழுந்தேன். அது உண்மை. அப்பா அங்கதான் இருந்தாரு. உடனே தூக்கிட்டாரு. ரெண்டு வாய் தண்ணி குடிச்சிருப்பேன், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள அம்மா எனக்குத் தலை துவட்டிக்கிட்டு இருக்காங்க. அப்ப வெளியில இருந்து என் குரல் கேட்டுது. படித்துறையில இருந்து. 'அம்மா, தூக்கும்மா'ன்னு. நான் வாயே திறக்கல. அம்மா துவட்டறத நிறுத்திட்டாங்க. வாசலப் பார்த்தாங்க. அப்புறம் என்னப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. பார்த்துட்டு, 'அப்ப நீ யாரு'ன்னு கேட்டாங்க."

அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அன்னையிலருந்து அவங்க எனக்குச் சோறு போடல. தொடல. என் போட்டோ எல்லாத்தையும் எரிச்சாங்க. அப்பா கொஞ்ச நாள் எனக்காகச் சண்டை போட்டாரு. அப்புறம் அவருக்கும் அந்தக் குரல் கேட்க ஆரம்பிச்சுது. சித்தி வந்து என்னக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு தடவ, இருபது வயசுல, போய் நின்னேன். அம்மான்னு கூப்பிட்டேன். அம்மா அப்பாகிட்ட, 'அது மறுபடி வந்திருக்கு, உள்ள விடாதீங்க'ன்னு சொன்னாங்க."

"உங்க மச்சினனுக்கு முன்னால வேற ரெண்டு பேர் அங்க செத்துப் போயிருக்காங்க" என்றார். "ரெண்டு பேருமே வரையறவங்க கூட வந்தவங்க." எழுந்துகொண்டார். கதவருகில் நின்று, கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார். "உங்க வீட்டுல யாராச்சும் அதுக்கப்புறம் அங்க போனீங்களா?"

"இல்ல. யாரும் போகல."

"போகாதீங்க. யாரோட குரல் கேட்டாலும் போகாதீங்க."

அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தித் திரும்பினேன். சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லுது" என்றாள். "அவங்க வீட்டுப் பொண்ணு தண்ணியிலதான் இருக்கு. நான் பார்த்தேன்."

"நீ எப்பப் போன?" என்றேன்.

"வாராவாரம் போறேன். அந்தம்மா ரொம்ப நல்லவங்க. என்னப் படியில உக்கார வச்சுட்டுக் கூடவே உக்காந்திருப்பாங்க. அவன் என்கிட்ட பேசறான். காய்ச்சல் வந்தா கூப்பிடுவான்ல, அப்படித்தான் கூப்பிடறான். 'அம்மா, தூக்கும்மா'ன்னு. குரல் கேட்குது. முகம் மட்டும் தெரியல."

நேற்று அவள் பரணில் இருந்த என் பெட்டியை இறக்கினாள். பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் துடைத்து அடுக்கினாள். போக மாட்டேன் என்று சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன். அவள் அந்த வீட்டுக்காரம்மாவைப் போலவே தரையில் உட்கார்ந்துகொண்டு நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"அந்தம்மாகிட்ட கேட்டுட்டேன். வேற யாரையும் கூட்டிட்டு வர வேணாமாம்" என்றாள். "நம்ம ரெண்டு பேரு வந்தாப் போதுமாம்."